வாசிக்க மறுத்த வாத்திய மேதை

இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த காலம்.

பிரான்சு நாட்டின் தென்கோடியில், பிரனீஸ் மலை அடிவாரத்தில், பிராட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு சிறிய வீட்டின் முன் ஒருநாள் ஒரு கார் வந்து நின்றது. நாஜி ராணுவ அதிகாரிகள் மூவர் இறங்கினார்கள், மாடிப்படி ஏறினார்கள்.

மாடியில் இருந்தவர் வயதான மனிதர். வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, குள்ளமான உருவம். அடுப்பெரிக்கப் போதிய விறகு இல்லை; உண்ணப் போதிய உணவும் இல்லை. குளிரினால் கைகால் மூட்டுகளில் வலி.

ஆனால் வந்த அதிகாரிகள் அவரை மரியாதையோடு வணங்கினார்கள். தங்கள் தந்தைமார் அவருடைய கச்சேரியைக் கேட்டுப் புகழ்ந்ததைச் சொன்னார்கள். அவர் ஜெர்மனிக்கு வந்து வாசிக்க வேண்டும், ஹிட்லரும் கேட்பார் என்றார்கள். தனி ரயில் வசதி செய்து தருவதாகவும் சொன்னார்கள்.

அவர் வர முடியாது என்றார்.

அப்படியானால் இங்கேயே எங்களுக்காகச் சிறிது வாசியுங்கள் என்றார்கள். கையில் வாத நோய், வாசிக்க முடியாது என்று சொல்லி விட்டார். கடைசியில் அவருடைய புகைப்படத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள்.

துப்பாக்கி ஏந்தி வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய அந்த முதியவர்தான் பாப்லோ கசால்ஸ். செல்லோ வாத்தியத்தில் உலகிலேயே முதல்வர் என்று போற்றப்பட்டவர்.

செல்லோ என்றால் என்ன?

வயலினை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செல்லோவை வயலினுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஏறக்குறைய ஓர் ஆளின் மார்பளவு உயரம் இருக்கும். அதைத் தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தின் அடி முனையைத் தரையில் ஊன்றி, இரு முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் வாசிக்க வேண்டும். தந்திகள் நான்கு. அதன் நாதம் மனிதக் குரலைப் போலவே இருக்கும்.

சுரைக்குடுக்கை வாத்தியம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே கட்டலோனியா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள மக்களுக்குத் தனி மொழி உண்டு. தனிப் பண்பாடும் உண்டு. அங்கே எல் வென்ட்ரெல் என்ற ஊரில் 1876-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கசால்ஸ் பிறந்தார்.

அவருக்குத் தாய்மொழியில் வைத்த பெயர் பாவ். ஸ்பானிய மொழியில் அதுவே பாப்லோ ஆயிற்று. கட்டலோனிய மொழியில் பாவ் என்ற சொல்லுக்குச் சமாதானம் என்றும் ஒரு பொருள் உண்டு. அவர் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியாது.

தந்தை கார்லெஸ் கசால்ஸ் ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். கோயில் பாடகர் குழுவுக்கும் அவரே ஆசிரியர். வருமானம் சொற்பம். ஆனால் வீடு நிறையச் சங்கீதம் இருந்தது. பையன் பேசக் கற்றுக்கொண்டபோதே பாடவும் கற்றுக்கொண்டான். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினான். பியானோவும் வயலினும் வாசித்தான்.

ஒருநாள் ஊருக்கு நாடோடி வாத்தியக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் விசித்திரமான ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை வாசித்தார். பையனுக்கு அதன்மேல் அடங்காத ஆசை. தந்தை பார்த்தார். ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து, அதில் ஒரு தந்தியைக் கட்டி, மகனுக்கு ஒரு வாத்தியம் செய்து கொடுத்தார். பெரும் புகழ் அடைந்த பிறகும் கசால்ஸ் அந்தச் சுரைக்குடுக்கையைப் பத்திரமாக வைத்திருந்தார்.

பதினொரு வயதில் அவன் முதன் முதலாக உண்மையான செல்லோவின் நாதத்தைக் கேட்டான். மூச்சே நின்றுவிடும் போல் இருந்தது. இனி இதுதான் என் வாத்தியம் என்று அன்றே முடிவு செய்தான்.

தாயின் உறுதி

வீட்டில் பிரச்சினை எழுந்தது. சங்கீதத்தால் குடும்பம் நடத்த முடியாது என்பதைத் தந்தை அனுபவத்தில் கண்டவர். மகனைத் தச்சு வேலைக்கு அனுப்ப எண்ணினார். தாய் பிலார் சம்மதிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கடவுள் கொடுத்த வரத்தை வீணாக்கக் கூடாது என்றார். 1888-ம் ஆண்டு மகனை அழைத்துக்கொண்டு பார்சலோனா நகரத்துக்குப் புறப்பட்டு விட்டார். அங்கே நகரசபை இசைப் பள்ளியில் பையன் சேர்ந்தான்.

அந்தக் காலத்தில் செல்லோ கற்பவர்கள் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்க வேண்டும். அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது கீழே விழாமல் வாசிக்கப் பழக வேண்டும்! சிறுவன் கசால்ஸ் இதை ஏற்கவில்லை. கையைத் தாராளமாக வீசி வாசித்தான். விரல்களை வைக்கும் முறையையும் மாற்றினான். முதலில் சிரித்தவர்கள் பிறகு வியந்தார்கள். பின்னாளில் உலகெங்கும் செல்லோ வாசிப்பவர்கள் அந்த வழியையே பின்பற்றினார்கள்.

படிப்புச் செலவுக்காகப் பையன் மாலை வேளைகளில் ஒரு காப்பிக் கடையில் வாசித்தான். ஒருநாள் தந்தை அவனைப் பார்க்க வந்திருந்தார். இருவரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடையில் இசைத் தாள்களைத் தேடினார்கள். அங்கே ஒரு கட்டுத் தாள் கையில் கிடைத்தது. தனிச் செல்லோவுக்காக ஜெர்மானிய மேதை பாக் எழுதிய ஆறு இசைத் தொகுதிகள்! அப்போது 1890-ம் ஆண்டு. கசால்சுக்கு வயது பதின்மூன்று.

அந்தத் தொகுதிகள் அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை. அவற்றை வெறும் விரல் பயிற்சி என்றே பலரும் எண்ணி ஒதுக்கியிருந்தார்கள். கசால்ஸ் அவற்றைப் புதையலாக மதித்தார். தினமும் பயின்றார். சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பிறகுதான் சபையில் துணிந்து வாசித்தார். இன்று உலகில் செல்லோ கற்கும் ஒவ்வொருவரும் அந்த ஆறு தொகுதிகளைப் படிக்கிறார்கள் என்றால் அதற்கு அந்தப் பழைய கடைதான் காரணம்.

கூந்தலை விற்ற தாய்

ஸ்பெயின் ராணி மரியா கிறிஸ்டினா இளைஞரின் திறமையைக் கேள்வியுற்று மாத உதவித் தொகை கொடுத்தார். மேல்படிப்புக்காக 1895-ல் பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகருக்குச் சென்றார்கள். அங்கே இசைக் கல்லூரியில் ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் முன்னிலையில் இந்த ஸ்பெயின் பையனைக் கேலி செய்தார். கசால்ஸ் பொறுமையாகச் செல்லோவை எடுத்து வாசித்தார். வகுப்பு திகைத்து விட்டது. ஆசிரியர் உடனே பேச்சை மாற்றினார். இங்கேயே சேர்ந்துகொள், முதற் பரிசு உனக்குத்தான் என்றார். என்னை அவமதித்த இடத்தில் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லி கசால்ஸ் வெளியேறினார். மறுநாளே குடும்பம் பாரிசுக்குப் புறப்பட்டது.

அதன் விளைவு? ராணியின் உதவித் தொகை நின்று போயிற்று.

பாரிசில் பட்டினியும் குளிரும். தாய் இரவு பகலாகத் துணி தைத்தார். மகன் ஒரு கேளிக்கை அரங்கில் சொற்பக் கூலிக்கு வாசித்தார். வண்டிச் சத்தம் கொடுக்க முடியாமல் செல்லோவைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் வந்தார். கடைசியில் படுத்த படுக்கையானார். அப்போது ஒருநாள் தாய் வெளியே போய் வந்தார். அவருடைய அழகான நீண்ட கூந்தலைக் காணோம். மருந்துக்காக அதை வெட்டி விற்று விட்டார்! அந்தக் காட்சியைக் கசால்ஸ் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அந்தத் தாய் மற்றொரு பாடமும் கற்பித்தார். இளைய மகன் என்ரிக்குக்குக் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. நீ கொல்வதற்கும் பிறக்கவில்லை, கொல்லப்படுவதற்கும் பிறக்கவில்லை என்று சொல்லி மகனை நாட்டை விட்டே அனுப்பி வைத்தார். உலகம் முழுவதும் தாய்மார்கள் இப்படிச் செய்தால் யுத்தமே இராது என்று கசால்ஸ் எண்ணினார்.

உலகப் புகழ்

வறுமை நீங்கக் காலம் வந்தது. 1899-ம் ஆண்டு பாரிசில் பெரிய சபையில் வாசித்தார். ஒரே நாளில் பெயர் பரவியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் விக்டோரியா ராணி முன்னிலையிலும் வாசித்தார். 1904-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் வெள்ளை மாளிகையில் கச்சேரி நடந்தது.

அமெரிக்காவுக்கு 1901-ல் முதன் முதலாகச் சென்றிருந்தபோது ஒரு விபத்து நேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோ அருகே மலை ஏறும்போது ஒரு பாறை உருண்டு வந்து இடது கையை நசுக்கி விட்டது. அந்தக் கணத்தில் அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனி வாத்தியம் வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி! தம் கலையை அவர் அவ்வளவு பெரிய சுமையாக, கடமையாகக் கருதினார். மேடையேறும் போதெல்லாம் அவருக்கு நடுக்கம்தான். நல்ல வேளையாகச் சில மாதங்களில் கை குணமாயிற்று.

வெளிநாடுகளில் பணம் குவிந்தது. அதைக்கொண்டு என்ன செய்தார்? பார்சலோனாவுக்குத் திரும்பிச் சொந்தப் பணத்தில் பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்றை அமைத்தார். 1920-ல் அதன் முதல் கச்சேரி நடந்தது. முதல் சில ஆண்டுகள் நஷ்டம் முழுவதையும் அவரே ஏற்றார். பிறகு தொழிலாளருக்கென்று ஒரு சங்கீத சங்கம் ஏற்பட்டது. குறைந்த சம்பளம் வாங்குபவர்கள் மட்டுமே அதில் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைத் தொழிலாளிகள் மனைவி மக்களோடு வந்து உயர்ந்த சங்கீதம் கேட்டார்கள்.

பாதியில் நின்ற ஒத்திகை

1936-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி மாலை. பார்சலோனாவில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனிக்கு ஒத்திகை நடந்து கொண்டிருந்தது. மனிதர் அனைவரும் சகோதரர் என்று பெரிய பாடகர் குழு பாடி முடிக்கும் இசை அது. மறுநாள் கச்சேரி.

கடைசிப் பகுதி தொடங்கும் சமயம் ஒரு ஆள் ஓடி வந்தார். ராணுவத்தில் கலகம் மூண்டு விட்டது, நகரில் எந்த நேரமும் சண்டை தொடங்கலாம், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று செய்தி.

கசால்ஸ் செய்தியைக் கோஷ்டியினருக்குச் சொன்னார். இனி நாம் எப்போது ஒன்று சேர்வோமோ தெரியாது. பிரிவதற்கு முன் இதைப் பாடி முடிப்போமா என்று கேட்டார். முடிப்போம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாடினார்கள். கசால்சின் கண்களில் நீர் நிறைந்து எதிரே இருந்த இசைத் தாளே தெரியவில்லை. நாட்டில் மீண்டும் சமாதானம் வரும் நாளில் இதையே வாசிப்போம் என்று சொல்லி விடை கொடுத்தார்.

அந்தக் கோஷ்டி பின்னர் கலைந்து போயிற்று.

மூன்று ஆண்டுகள் உள்நாட்டு யுத்தம் நடந்தது. குடியரசு அரசாங்கத்துக்கு ஆதரவாக இருந்த கசால்சைப் பிடித்தால் இரு கைகளையும் முழங்கையோடு வெட்டுவேன் என்று கலகத் தளபதி ஒருவர் வானொலியிலேயே மிரட்டினார். 1939-ல் தளபதி பிராங்கோ வென்று சர்வாதிகாரி ஆனார். லட்சக்கணக்கான மக்கள் எல்லையைத் தாண்டி அகதிகளாகப் பிரான்சுக்குள் ஓடினார்கள். கசால்சும் நாட்டைப் பிரிந்தார்.

அகதிகளோடு அகதியாக

அமெரிக்கா போயிருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் போகவில்லை. தம் மக்கள் முள்வேலி முகாம்களில் வெறும் மணலில் கிடந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பிராட் கிராமத்தில் தங்கினார். கச்சேரி செய்து பணம் திரட்டினார். உணவும் உடையும் அனுப்பினார். ஒவ்வொரு அகதிக்கும் தம் கையாலேயே பதில் கடிதம் எழுதினார்.

அதே வீட்டில் ஜோவான் அலவேத்ரா என்ற கட்டலோனியக் கவிஞரும் குடும்பத்தோடு வசித்தார். ஒரு காலத்தில், தம் சிறு மகளுக்காக அவர் கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றி ஒரு கவிதை எழுதத் தொடங்கியிருந்தார். நாடு விட்டு ஓடும்போது அந்தக் கவிதைத் தாள்களும் கூடவே வந்தன.

கசால்ஸ் அந்தக் கவிதையைப் படித்தார். மனம் உருகினார். 1943-ல் அதற்கு இசை அமைக்கத் தொடங்கினார்.

குடில்

அந்த இசைக்கு எல் பெசெபிரே, அதாவது குடில், என்று பெயர். தனிப் பாடகர்களும், பாடகர் குழுவும், முழு வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து நடத்தும் பெரிய பக்தி இசை அது. வேடம் கட்டி நடிப்பதில்லை. நின்று பாடியே கதை சொல்வார்கள்.

கதை எல்லோரும் அறிந்ததுதான். இயேசு பாலன் பிறந்த செய்தி மேய்ப்பர்களுக்குக் கிடைக்கிறது. ஊர் மக்கள் பெத்லகேமுக்குப் போகிறார்கள். ஆனால் இந்தக் கதையில் போகிறவர்கள் கசால்சின் சொந்த ஊர்க்காரர்களைப் போல் இருக்கிறார்கள். மீன் பிடிப்பவன் வருகிறான். ஏர் உழுபவன் வருகிறான். நூல் நூற்கும் கிழவி வருகிறாள். மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களும் பாடுகின்றன. கொட்டிலில் நிற்கும் எருதும் கோவேறு கழுதையும் கூடப் பாடுகின்றன! கட்டலோனிய நாட்டுப்புற மெட்டுகள் இடையே ஒலிக்கின்றன. முடிவில் எல்லோரும் சேர்ந்து உலகுக்குச் சமாதானம் வேண்டிப் பாடுகிறார்கள்.

வெளியே குண்டுகள் விழுந்து கொண்டிருந்தன. எதிரிகளின் சிப்பாய்கள் தெருவில் நடமாடினார்கள். அகதி ஒருவர் எழுதிய பாட்டுக்கு மற்றோர் அகதி குளிரில் நடுங்கும் விரல்களால் இசை அமைத்தார். இருப்பிடம் கிடைக்காமல் கொட்டிலில் பிறந்த குழந்தையின் கதை அந்த இருவருக்கும் நன்றாகவே புரிந்திருக்க வேண்டும்.

மௌன விரதம்

1945-ல் யுத்தம் முடிந்தது. ஹிட்லர் ஒழிந்தார். இனி பிராங்கோவின் ஆட்சியும் வீழும், வல்லரசுகள் கைகொடுக்கும் என்று கசால்ஸ் நம்பினார். இங்கிலாந்து சென்று வாசித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டார்கள். ஆனால் நாளாக ஆக உண்மை புரிந்தது. பிராங்கோவை அசைக்க யாருக்கும் எண்ணம் இல்லை.

கசால்சின் உள்ளம் உடைந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகள் கொடுக்க வந்த பட்டங்களை மறுத்தார். பிராங்கோ அரசாங்கத்தை ஏற்றுக்கொண்ட எந்த நாட்டிலும் இனி வாசிக்க மாட்டேன் என்று விரதம் பூண்டார். பெரும் தொகைகள் காட்டி அழைத்தவர்களுக்கும் அதே பதில்தான்.

ஒரு கலைஞன் வாசிக்காவிட்டால் சர்வாதிகாரிக்கு என்ன நஷ்டம்? பலர் இப்படிக் கேட்டார்கள். தம்மிடம் இருக்கும் ஒரே ஆயுதம் இந்த வாத்தியம்தான், அதை மௌனமாக வைப்பதுதான் தாம் செய்யக்கூடிய எதிர்ப்பு என்பது அவர் எண்ணம்.

1950-ம் ஆண்டு பாக் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்தன. அவர் வராவிட்டால் நாம் போவோம் என்று உலகின் தலைசிறந்த இசைக் கலைஞர்கள் பிராட் கிராமத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஊர் மாதா கோயிலில் விழா நடந்தது. கோயில் ஆகையால் கைதட்டக் கூடாது. 73 வயது முதியவர் செல்லோவோடு வந்தபோது சபை முழுவதும் சத்தமின்றி எழுந்து நின்றது.

வெள்ளை மாளிகையில் மீண்டும்

1957-ல் தம் தாய் பிறந்த தீவாகிய போர்ட்டோரிக்கோவில் குடியேறினார். அங்கும் இசை விழாவும் வாத்தியக் கோஷ்டியும் ஏற்படுத்தினார். தம் மாணவி மார்த்தாவை அதே ஆண்டில் மணந்தார். முதுமையில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் மார்த்தா.

1958-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் வாசித்தார். அது எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமான இடம் அல்ல என்பது அவர் கருத்து. 1961 நவம்பர் 13-ந் தேதி ஜனாதிபதி கென்னடியின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகையில் வாசித்தார். அமெரிக்காவோ பிராங்கோவுடன் உறவு வைத்திருந்த நாடு. விரதம் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டார்கள். கென்னடி மீது வைத்த நம்பிக்கையால், அவர் ஒருவருக்காகச் செய்த விதிவிலக்கு இது என்று கசால்ஸ் விளக்கினார். 1904-ல் அதே மாளிகையில் அவர் வாசித்ததைக் கேட்ட ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ், 57 ஆண்டுகளுக்குப் பின் அன்றும் வந்து கேட்டார்!

வாசிக்காமல் இருந்தது போதும், இனி இசையாலேயே சமாதானம் பேசுவோம் என்று அவர் தீர்மானித்தார். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த குடில் இசையை வெளியே எடுத்தார். 1960 டிசம்பர் 17-ந் தேதி மெக்சிகோ நாட்டின் அகபுல்கோ நகரில் அது முதன் முதலாக அரங்கேறியது. பிராங்கோவை ஒருநாளும் ஏற்காத நாடு மெக்சிகோ. பிறகு 84 வயதைத் தாண்டிய அந்த முதியவர், ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று அதை நடத்தினார். 1962-ல் சான்பிரான்சிஸ்கோவிலும் 1963-ல் ஐக்கிய நாடுகள் சபையிலும் அந்த இசை ஒலித்தது. நடக்கவே தள்ளாடுபவர், மேடையில் ஏறிக் கையை உயர்த்தியதும் இளைஞராகி விடுவார்.

பறவைகளின் பாட்டு

கட்டலோனியாவில் ஒரு பழைய கிறிஸ்துமஸ் பாட்டு உண்டு. இயேசு பிறந்தபோது பறவைகள் எல்லாம் கூடிப் பாடியதாகச் சொல்லும் பாட்டு அது. நாடு கடந்த பிறகு கசால்ஸ் தம் கச்சேரிகளின் முடிவில் அதைத்தான் வாசிப்பார். கேட்கும் அகதிகள் அழுவார்கள்.

1971 அக்டோபர் 24-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் அவருக்குச் சமாதானப் பதக்கம் அளிக்கப்பட்டது. அளித்தவர் பொதுச் செயலாளர் ஊ தாண்ட். ஆங்கிலக் கவிஞர் ஆடன் எழுதிய கீதத்துக்குக் கசால்ஸ் இசை அமைத்து, அன்று அவரே நடத்தினார். பிறகு செல்லோ கொண்டு வரப்பட்டது. 94 வயது முதியவர் பறவைகளின் பாட்டை வாசித்தார். அந்தப் பறவைகள் சமாதானம், சமாதானம் என்றே பாடுகின்றன என்று உலகப் பிரதிநிதிகளுக்குச் சொன்னார்.

1973 அக்டோபர் 22-ந் தேதி போர்ட்டோரிக்கோவில் கசால்ஸ் காலமானார். வயது 96. தாய்நாட்டில் சுதந்திரம் மலர்வதை அவர் காணவில்லை. பிராங்கோ இறந்தது 1975-ல். அதற்குப் பிறகுதான் ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பியது.

ஆனால் அவர் வீடு திரும்பாமல் இல்லை. 1979-ம் ஆண்டு அவருடைய உடல் கட்டலோனியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாடு திரும்பிய அந்த அகதி, தந்தை ஆர்கன் வாசித்த, சுரைக்குடுக்கையில் தந்தி கட்டி விளையாடிய அதே எல் வென்ட்ரெல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.